குஞ்சுகளைக் கூண்டுக்கு மாற்றும் நாள்: அவசரம் வேண்டாம், சகோதரிகளே!

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், கோழி வளர்க்கும் உறுப்பினர்களிடையே களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். மாட்டுக்குத் தண்ணி காட்டணும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். எங்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு அரை மணி நேரம் கொடுங்கள். இன்றைக்குப் பேசப்போவது நம்மில் பலர் கடன் வாங்கிச் செய்கிற தொழிலைப் பற்றி. புரூடரில், அதாவது பல்பு கட்டிய தகர வளையத்தில் வளர்ந்த கோழிக்குஞ்சை வெளிக்கூண்டுக்கு எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது என்பதைப் பற்றி.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு காலையில் நடந்தது

போன ஐப்பசியில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு அக்கா வீட்டிலிருந்து விடிந்ததும் போன் வந்தது. போய்ப் பார்த்தோம். முந்தின நாள்தான் 60 நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் புரூடரிலிருந்து வெளிக்கூண்டுக்கு மாற்றியிருந்தார். அன்றைக்கு ராத்திரி மழை, கூடவே ஊதக்காற்று. காலையில் கூண்டைத் திறந்தால் ஒரு மூலையில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மேலே இருந்தவை உயிரோடு இருந்தன. அடியில் இருந்த 22 குஞ்சுகள் செத்துப்போய், தட்டையாகக் கிடந்தன.

ஒரு குஞ்சின் உடம்பிலும் கடிபட்ட காயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெள்ளைக்கழிச்சல் என்றார்கள். இன்னும் சிலர் கண் பட்டுவிட்டது என்றார்கள். செத்த குஞ்சுகளில் இரண்டை அப்போதே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போனோம். மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டு, நோய் எதுவும் இல்லை, குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன என்று சொன்னார்.

"கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்று நம்மூரில் சொல்வார்கள். அது நிஜம்தான். ஆனால் சகோதரிகளே, குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். அன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்தோம்.

அடுத்த கூட்டத்தில் அந்த அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "சரியாப் பாத்துக்கல" என்று இரண்டு பேர் சொன்னார்கள். நாங்கள் பதில் பேசாமல் இருந்துவிட்டோம். அது தப்பு. அதனால்தான் இன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்கிறோம். தவறு அந்த அக்காவுடையது இல்லை. "28-ஆம் நாள் குஞ்சுகளை வெளிக்கூண்டுக்கு மாற்றவும்" என்று அட்டவணை அடித்துக் கொடுத்தது நாங்கள். ஐந்து பேருக்கு ஒரு புரூடர் என்று முறை வைத்ததும் நாங்கள்தான். அடுத்த உறுப்பினருக்கு மறுநாள் குஞ்சு வருகிறது, இவர் காலி செய்தே ஆக வேண்டும். வானம் கறுத்திருப்பதை அவர் பார்த்தார். குஞ்சின் முதுகில் இன்னும் பஞ்சு முடி இருப்பதையும் பார்த்தார். ஆனாலும் தாளில் போட்டிருந்ததை நம்பி மாற்றினார்.

தேதி காலண்டரில் இல்லை, இறக்கையில் இருக்கிறது

புரூடர் என்ன வேலை செய்கிறது? தாய்க்கோழி செய்கிற வேலையைத்தான் செய்கிறது. பிறந்த குஞ்சின் மேல் இருப்பது பஞ்சு மாதிரி மென்முடி. அது குளிரைத் தாங்காது. அதனால்தான் தாய் இறக்கைக்குள் வைத்துக்கொள்கிறது. முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். இரண்டாம் வாரம் 32, மூன்றாம் வாரம் 29, நான்காம் வாரம் 26, ஐந்தாம் வாரம் 23.

இந்தக் கணக்கை நம்மூர் ராத்திரியோடு வைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் ராத்திரியிலும் புழுக்கம்தான். அப்போது மூன்று நான்கு வாரத்துக் குஞ்சுக்கு வெளிக்காற்றே போதும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அப்படி இல்லை. மழை ஈரம், ஊதக்காற்று, விடியற்காலைப் பனி எல்லாம் சேர்ந்து வருகிறது. அதே 28 நாள் குஞ்சு கோடையில் பிழைக்கும், மழையில் சாகும். ஆகவே எல்லா மாதத்துக்கும் ஒரே தேதி என்பது சரிப்படாது.

பொதுவாகச் சொன்னால், வெயில் காலத்தில் 4 முதல் 5 வாரம், மழை, பனிக் காலத்தில் 6 வாரம். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்காதீர்கள். குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகு, நெஞ்சு, இறக்கைக்கு அடிப்பக்கம் மூன்றிலும் பஞ்சு போய் நிஜ இறகு மூடியிருக்க வேண்டும். இறக்கை நீண்டுவிட்டதே என்று ஏமாந்துவிடக் கூடாது. இறக்கையில் இறகு முதலில் வரும், நெஞ்சிலும் முதுகிலும் பிந்தித்தான் வரும். நாட்டுக்கோழியில் எல்லாக் குஞ்சும் ஒரே சீராக வளர்வதும் இல்லை. சவலையாக இருப்பதைத் தனியாக எடுத்து இன்னும் ஒரு வாரம் பல்புக்கு அடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனை இருக்கிறது. மாற்றுவதற்கு முன் இரண்டு ராத்திரி பல்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். குஞ்சுகள் பரவலாகப் படுத்துத் தூங்கினால் தயாராகிவிட்டன. கும்பலாக ஒட்டிக்கொண்டு "கீச் கீச்" என்று கத்தினால் இன்னும் நாள் இருக்கிறது, பல்பைத் திரும்பப் போட்டுவிடுங்கள். தரமான தெர்மாமீட்டர் நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். குஞ்சே ஒரு தெர்மாமீட்டர்தான். பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் குளிர். பல்பை விட்டு விலகி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவி மேய்ந்தால் சரியாக இருக்கிறது.

பத்து நாள் பழக்கம்

தாய்க்கோழி ஒரே நாளில் குஞ்சைக் கொத்தி விரட்டிவிடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிக்கும். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஒரு பத்து நாள் ஒதுக்குங்கள்.

முதல் மூன்று நாள்: பகலில் மட்டும் பல்பை அணையுங்கள். ராத்திரி எரியட்டும்.

அடுத்த நான்கு நாள்: பனி ஈரம் காய்ந்த பிறகு, காலை 9 மணிக்கு மேல், பஞ்சாரத்துக்குள் விட்டு வாசலில் வையுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்தடுத்த நாள் இரண்டு மணி, மூன்று மணி. பாதிப் பஞ்சாரத்தில் நிழல் இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணம் உள்ளேயே இருக்கட்டும். கிட்ட ஆள் இருக்க வேண்டும். காக்கையும் பருந்தும் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

கடைசி மூன்று நாள்: ராத்திரியும் பல்பை அணைத்து, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

பிறகு மாற்றலாம். மழை இல்லாத, காற்று இல்லாத ஒரு காலை வேளையில் மாற்றுங்கள். சாயங்காலம் மாற்றினால் புது இடம் பிடிபடுவதற்குள் இருட்டிவிடும். மிரண்டு மூலையில் போய்க் குவியும். காலையில் மாற்றினால் தண்ணீர் எங்கே, தீனி எங்கே, படுக்கை எங்கே என்று பகல் முழுக்கப் பார்த்துப் பழகிக்கொள்ளும்.

ஒன்று முக்கியம். இடம் மாறுகிற வாரத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். புரூடரில் வைத்திருந்த அதே தீனித் தட்டு, அதே தண்ணீர்க் குவளையைக் கூண்டுக்குள்ளும் வையுங்கள். குஞ்சுத் தீவனத்திலிருந்து வளர் தீவனத்துக்கு மாறுவதை 8 வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதையும் பழையதோடு புதியதைக் கலந்து, ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்ற வேண்டும். தடுப்பூசியும் அந்த வாரத்தில் வேண்டாம். ஒன்று, மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் குஞ்சு பழகின பிறகு போடுங்கள்.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

இடம்: எட்டு வாரம் வரை ஒரு குஞ்சுக்கு ஒரு சதுர அடி. 30 குஞ்சுக்கு 6 அடிக்கு 5 அடி கூண்டு போதும். வளர்ந்த கோழிக்கு இரண்டு சதுர அடி வேண்டும். இப்போதே அதை மனதில் வைத்துக் கட்டுங்கள்.

தரை: சுற்றிலும் உள்ள நிலத்தைவிட ஒரு அடியாவது மேடாக இருக்க வேண்டும். மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்கு நெல் உமியோ கடலைத் தோலோ பரப்புங்கள். தினமும் ஒரு தடவை கிளறிவிடுங்கள். கட்டிதட்டினதை, நனைந்ததை அள்ளி எருக்குழியில் போட்டுவிடுங்கள். ஈரப் படுக்கைதான் இரத்தக் கழிச்சலுக்கு வாசல். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குஞ்சுகளுக்கு அது வேகமாக வரும். எச்சத்தில் இரத்தம் தெரிந்தால், இறகு சிலிர்த்துக் குறுகி நின்றால், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கடையில் கேட்டு எதையாவது வாங்கி ஊற்றாதீர்கள்.

காற்று: மழை பெய்கிறது என்று நாலு பக்கமும் பாலிதீன் தாளைக் கட்டி மூடிவிடுகிறோம். இது வேண்டாம். எச்சத்தின் நெடி உள்ளேயே நின்று குஞ்சின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். காற்று வரும் பக்கத்தில் கீழிருந்து இரண்டு அடி உயரத்துக்குச் சாக்கையோ தார்ப்பாயையோ கட்டுங்கள். மேலே ஒரு முழம் திறந்திருக்கட்டும். குஞ்சு படுக்கும் உயரத்தில் காற்று அடிக்கக் கூடாது, தலைக்கு மேலே காற்று போய் வர வேண்டும். நீங்கள் உள்ளே குனிந்து பார்க்கும்போது கண் எரிந்தால், குஞ்சுக்கும் எரிகிறது என்று அர்த்தம்.

மூலை: 22 குஞ்சு செத்தது மூலையில்தான். கூண்டின் நாலு மூலையிலும் அட்டையையோ பழைய தகரத்தையோ வளைத்து வைத்து, வட்டமாக்கிவிடுங்கள். குவிந்து ஏற இடம் இருக்காது. செலவில்லாத வேலை இது.

காவல்: கீரி, மரநாய், காட்டுப்பூனை, பாம்பு, பெருச்சாளி, தெருநாய். இத்தனைக்கும் குஞ்சு என்றால் விருந்து. அகலக் கண் வலை வேண்டாம், அரை அங்குல வலை போடுங்கள். வலையின் அடிப்பகுதி ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் போகட்டும். கதவுக்குக் கயிறு கட்டினால் போதாது, தாழ்ப்பாள் வேண்டும்.

முதல் மூன்று ராத்திரி

மாற்றின முதல் மூன்று ராத்திரிதான் கண்டம். பொழுது சாயும் நேரத்தில் கூண்டுக்குப் போங்கள். எல்லாம் கதவோரம் ஒட்டி நின்றால், கையால் எடுத்து உமிப் படுக்கையில் பரப்பிவிடுங்கள். சின்ன வெளிச்சம் ஒன்று எரியட்டும். இருட்டில் மிரளாமல் இருக்கும். குண்டு பல்பையும் ஒரு பக்கம் தயாராகத் தொங்கவிடுங்கள். திடீரென்று மழை வந்தால் சுவிட்சைப் போட்டால் போதும்.

மூன்று நான்கு நாள் கூண்டை விட்டு வெளியே விடாதீர்கள். இதுதான் நம்ம வீடு என்று அவற்றுக்குப் பதிய வேண்டும். அதன் பிறகு, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது முதல் தடவை திறந்துவிடுங்கள். "பா... பா..." என்று கூப்பிட்டுக் கூண்டுக்குள் தீனி போட்டால், பசியோடு தானாக உள்ளே வந்துவிடும். ஒரு வாரத்தில் கூப்பிடாமலே வந்து அடையும்.

சகோதரிகள் கேட்ட கேள்விகள்

"பல்பு எரியுது, ஆனா குஞ்சு நடுங்குதே?"

என்ன பல்பு என்று பாருங்கள் அக்கா. எல்இடி பல்பு வெளிச்சம் தரும், குஞ்சு வளர்க்கும் அளவுக்குச் சூடு தராது. புரூடருக்குப் பழைய குண்டு பல்புதான் வேண்டும். இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. குஞ்சு வருவதற்கு முன்பே தேடி வாங்கி, கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ராத்திரி கரண்ட் போயிட்டா என்ன பண்றது?"

வெந்நீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி, சாக்கில் சுற்றிக் குஞ்சுகளுக்கு நடுவே வையுங்கள். ஆறினதும் மாற்றுங்கள். மூடின இடத்தில் கரி நெருப்பு வைக்க வேண்டாம். புகை குஞ்சைக் கொல்லும், உமியில் தீப்பொறி விழுந்தால் கூண்டே போய்விடும்.

"ஏற்கெனவே இருக்கிற பெரிய கோழிகளோட சேர்த்து விட்டுறலாமா?"

உடனே வேண்டாம். கொத்தும், தீனிக்கு விடாது. பெரிய கோழியிடம் இருக்கிற நோயும் குஞ்சுக்குத் தொற்றும். நடுவில் வலை கட்டி, ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும்படி இரண்டு வாரம் வையுங்கள். பிறகு சேருங்கள்.

"தடுப்பூசி எப்போ எப்போ?"

வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. அடுத்து நான்காம் வாரத்தையொட்டிக் குடிதண்ணீரில் கலந்து கொடுப்பது. எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. இடையில் மற்ற நோய்களுக்கு என்ன வேண்டும் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் எடுத்து வர வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீரில் கலந்தால் மருந்து செத்துவிடும், கிணற்றுத் தண்ணீரில் கலக்குங்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிகளை அந்த முகாமுக்குத் தவறாமல் கொண்டுபோங்கள்.

நாம் எடுத்த தீர்மானம்

இனி கணக்குக்கு வருவோம். 28 நாளைக்கு ஒரு தடவை புரூடர் கை மாறினால் ஆண்டுக்கு 13 முறை சுற்றும் என்று கணக்குப் போட்டோம். தாளில் பார்க்க அழகாக இருந்தது. அதில் இரண்டு தப்பு. ஒன்று, குஞ்சுக்கு நாள் போதவில்லை. இரண்டு, ஒரு கூட்டம் போனதும் புரூடரைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வெயிலில் காயவைக்க இடைவெளியே விடவில்லை.

இப்போது 42 நாள் வளர்ப்பு, 8 நாள் சுத்தம் என்று 50 நாள் முறை வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு 7 முறைதான் சுற்றும். முறை வர நாளாகிறது என்று சிலருக்கு வருத்தம் இருக்கிறது. நியாயமான வருத்தம்தான். அதற்காகத்தான் இரண்டாவது தகர வளையம் ஒன்றைச் சங்கப் பணத்தில் வாங்கியிருக்கிறோம். வெயில் காலத்தில் குஞ்சு முன்னாலேயே தயாரானால் முன்னாலேயே கொடுத்துவிடலாம். ஆனால் அடுத்தவர் காத்திருக்கிறார் என்பதற்காக ஒருவரும் பஞ்சு முடிக் குஞ்சை வெளியே தள்ள வேண்டாம். அதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறோம். குஞ்சு இழந்த அந்த அக்காவுக்குத் தவணையை மூன்று மாதம் தள்ளி வைத்ததும் அதே தீர்மானத்தில்தான் இருக்கிறது. செத்தது 22 குஞ்சு மட்டும் இல்லை. நாலு வாரத் தீவனம், கரண்ட், அவருடைய தூக்கம் எல்லாம் சேர்ந்துதான் போனது.

அந்த அக்கா தை மாதம் மறுபடியும் குஞ்சு எடுத்தார். "இந்தத் தடவை தாளைப் பாக்க மாட்டேன், குஞ்சைத்தான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டார். 43-ஆம் நாள் மாற்றினார். 60-இல் ஒன்றைக் காக்கை தூக்கியது. மீதி 59-உம் கூண்டில் அடைகின்றன. என்ன செய்தீர்கள் அக்கா என்று கேட்டோம். "நீங்க பத்து மணிக்குப் பாக்கச் சொன்னீங்க. அது பத்தாதுங்க. நாலு மணிக்குத்தான் குளிரு உறைக்கும். அப்ப எந்திரிச்சு ஒரு தடவை கையை விட்டுப் பாத்தேன்" என்றார்.

எங்கள் பயிற்சித் தாளில் அது இல்லை. இனிமேல் சேர்த்துக்கொள்கிறோம். அடுத்த மாதம் முதல் புதிதாகக் குஞ்சு எடுப்பவர்களுக்கு அந்த அக்காவே பயிற்சி சொல்லித்தர ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுக் கூண்டடியில்தான் பயிற்சி. அனைவரும் வாருங்கள்.